பெட்டி சாய்ந்ததில் யார் யாருக்குப் பங்கு

கோயில் அன்னதானத்தில் ஒருமுறை சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. வேறு ஊரென்றால் சமைத்தவரைத் திட்டித் தீர்த்துவிட்டு, அந்தச் சாம்பாரையே ஊற்றிச் சாப்பிட்டுக் கைகழுவியிருப்பார்கள். எங்கள் ஊரில் பங்கக்கா இருந்தார். அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, கிடாரத்தைச் சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு பழியைப் பிரிக்கத் தொடங்கினார். அடுப்பை எரியவிட்டுவிட்டுப் பூசை பார்க்கப் போன மனிசிக்குப் பெரிய பங்கு. வா போவோம் என்று அவரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனவருக்கு அதில் ஒரு துண்டு. பருப்பை அள்ளிக் கொட்டிய கோயில் சபைக்காரருக்கு இன்னொன்று. கடைசியில், "மணந்தது எனக்கு முதலே தெரியும். கதையை முடிச்சிட்டு எழும்புவம் எண்டு இருந்திட்டன். அது என்ர பங்கு" என்று தனக்கும் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

சாம்பார் என்னவோ கருகல் மணத்தோடுதான் இருந்தது. ஆனால் சமைத்த மனிசி அன்றைக்கு அழாமல் வீட்டுக்குப் போனார். எனக்கு அப்போது அது பெரிதாகப் படவில்லை. இந்த மனிசிக்கு வேறு வேலை இல்லை என்றுதான் நினைத்தேன்.

பங்கக்கா என்பது நாங்கள் அவருக்குத் தெரியாமல் வைத்த பெயர். தெரியாது என்று நாங்கள்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் கிளிநொச்சிச் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் என் சைக்கிள் கடைக்கு வந்து, டியூப் ஒன்றை வாங்கிக்கொண்டே, அந்தப் பெயரை வைத்ததில் உமக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டார். நான் சும்மா இருக்காமல், கொஞ்சம்தான் அக்கா என்று சொல்லிவிட்டேன். மீதி யாருக்கு என்று விடாமல் கேட்டு, எல்லோரையும் பிடித்துவிட்டார். கோபம் ஒன்றும் இல்லை. கணக்குச் சரியாக இருந்தால் அவருக்குப் போதும்.

ஆள் நெடுவல். என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். பாவாடைக்கு மேலே ஓர் ஆண்பிள்ளைச் சேட்டு, தலையில் தொப்பி, கையில் லாண்ட்மாஸ்டரின் பிடி. இரண்டு சில்லு உழவு இயந்திரத்தைத்தான் எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வோம். அதற்குப் பின்னால் ஒரு பெட்டியைக் கொழுவினால் நெல் ஏற்றலாம், விறகு ஏற்றலாம், சனத்தையும் ஏற்றலாம். ஊரில் ஆண்கள்தான் அதை ஓட்டினார்கள். பங்கக்கா ஓட்டத் தொடங்கியபோது இரண்டு கிழமை கதைத்தார்கள். பிறகு தங்கள் மூட்டைகளையும் ஏற்றச் சொல்லிக் கேட்டு வந்தார்கள்.

இந்தப் பங்குப் புத்தி அவருக்கு எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்திருக்கிறேன். வாய்க்காலில் இருந்துதான் வந்திருக்க வேண்டும். எங்களுடையது குளத்தை நம்பிய குடியேற்றக் கிராமம். போகம் தொடங்குமுன் வாய்க்காலைத் துப்புரவாக்க வேண்டும். கமக்காரர் அமைப்பு கயிறு பிடித்து அளந்து, ஒவ்வொரு காணிக்காரருக்கும் ஒரு துண்டு வாய்க்காலைக் கொடுக்கும். அந்தத் துண்டில் புல் மண்டினாலும் கரை உடைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அந்தக் காணிக்காரர். பங்கக்காவின் வயல் வாய்க்காலின் ஆகக் கடைசியில் இருந்தது. மேலே யாருடைய துண்டு அடைத்தாலும் அவருடைய வயலுக்குத்தான் தண்ணீர் வராது. அப்படி இருந்தால் யாருக்கும் கண் கூர்மையாகிவிடும்.

எனக்கும் அந்த வாய்க்காலில் ஒரு வயல் இருந்தது. ஒரு போகத்தில் என் துண்டில் ஆற்றுவாழைக் களை வந்து அடைத்துவிட்டது. நான் கடையில் இருந்தேன். லாண்ட்மாஸ்டர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், பெட்டி நிறைய ஈர ஆற்றுவாழை. கடை வாசலில் கொட்டிவிட்டு, உம்முடைய சாமான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. எனக்கு வந்த விசருக்கு அளவில்லை. அடுத்தநாள் காலை கடை திறக்க முன்னமே மறுபடியும் வந்து நின்றார். வாய்க்காலை மேலே போய்ப் பார்த்தாராம். பாதிக்குக் கிட்ட எனக்கு மேலே இருந்த காணிக்காரரின் துண்டில் இருந்து மிதந்து வந்ததாம். சொல்லிவிட்டு, குவியலில் ஒரு பகுதியை மண்வெட்டியால் பிரித்து, பெட்டியில் ஏற்றி, அந்த மனிதரின் படலைக்குக் கொண்டுபோனார். இப்படியான ஒரு ஆளோடு எப்படிக் கோபித்துக்கொண்டிருப்பது?

அவருக்கு உயிராக இருந்தது இரண்டு. ஒன்று வவுனியாவில் படித்துக்கொண்டிருந்த மகள். மற்றது உதைபந்தாட்டம். அவருடைய கணவர் உயிரோடு இருந்த காலத்தில் எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்துக்கு விளையாடியவர். அவர் போன பிறகும் பங்கக்கா ஒரு போட்டியையும் விட்டதில்லை. தெருவில் இருக்கிற பெண்கள் எல்லோரையும் பெட்டியில் ஏற்றிக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிடுவார். கோல் விழுந்தால் மற்றவர்கள் கோல் காப்பாளரைத் திட்டுவார்கள். பங்கக்கா நடுவில் பந்தைப் பறிகொடுத்தவரில் இருந்து தொடங்குவார். வென்றால் சந்தோசத்தையும் அதே மாதிரிப் பிரிப்பார். கோல் அடித்தவருக்கு ஆகச் சின்னத் துண்டுதான் கிடைக்கும். எங்கள் முன்வரிசை வீரர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

நான் அப்போது கழகத்தின் செயலாளர். ஒலிவாங்கியும் என் கையில்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று அந்தப் பொறுப்பையும் தந்திருந்தார்கள். தலைவர் என்னைவிட மூத்தவர், நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். ஒரு வருடம் கச்சான் சாப்பிட்டுக்கொண்டு நின்ற ஒருவரின் மூக்கில் பந்து பட்டு இரத்தம் வந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. தலைவர்தான் நித்திரை இல்லாமல் திரிந்து, மைதான வாசலில் ஒரு பலகை எழுதி மாட்டினார். பார்வையாளர்களுக்கு ஏற்படும் காயங்களுக்குக் கழகம் பொறுப்பல்ல என்று நீல எழுத்தில். எங்கேயோ ஒரு பெரிய மைதானத்தில் அப்படிக் கண்டாராம்.

பங்கக்கா அதை உரத்து வாசித்தார். பிறகு தலைவரைக் கூப்பிட்டு, "கழகம் பொறுப்பில்லை எண்டால் ஆர் பொறுப்பு? பந்தோ?" என்று கேட்டார். தலைவர் சிரித்துச் சமாளித்தார். பலகை அப்படியே இருந்தது.

அடுத்த வருடம் காலபோக விதைப்புக்குக் கொஞ்சம் முன்னதாக இறுதிப்போட்டி வைத்தோம். எங்களிடம் பார்வையாளர் மேடை எல்லாம் இல்லை. ஊரில் இருக்கிற பெட்டிகளைக் கேட்டு வாங்கி, மைதானத்தைச் சுற்றி வரிசையாக நிறுத்துவோம். அதில் ஏறி நின்று பார்த்தால் நன்றாகத் தெரியும். அதுதான் எங்கள் மேடை. பங்கக்காவின் பெட்டி கிழக்குக் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில், பின்பக்கம் மைதானத்தைப் பார்த்தபடி நின்றது.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் குடிதண்ணீர் தீர்ந்துவிட்டது. தண்ணீர்த் தாங்கியை இழுத்துவர இருந்த இயந்திரம் ஸ்டார்ட் வரவில்லை. தலைவர் பங்கக்காவிடம் ஓடிப்போய் அவருடைய இயந்திரத்தைக் கேட்டார். அவர் கொண்டுபோகச் சொன்னார், ஆனால் முட்டுக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். தலைவர் இயந்திரத்தைக் கழற்றி, பெட்டியின் முன்பக்கத்துக்கு ஒரு கட்டையை முட்டாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டு சில்லுப் பெட்டியைத் தெரிந்தவர்களுக்கு மீதியை நான் சொல்லத் தேவையில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இயந்திரம் கொழுவியிருக்கும்வரை அது அசையாது. கழற்றினால் தராசு மாதிரி. முன்னுக்கும் முட்டு வேண்டும், பின்னுக்கும் முட்டு வேண்டும். பின்முட்டு இல்லாமல் பாரம் எல்லாம் பின்னுக்குப் போனால் முன்பக்கம் மேலே கிளம்பிவிடும்.

ஆட்டம் முடியும் தறுவாயில் எங்கள் ஆள் பந்தைக் கொண்டு கிழக்குக் கோலை நோக்கி ஓடினார். நானும் ஒலிவாங்கியில் ஓடினேன். பெட்டியில் நின்ற சனம் முழுவதும் பார்க்கவென்று பின்னுக்குப் பாய்ந்தது. கோல் விழுந்தது, பெட்டி சாய்ந்தது. எல்லோருக்கும் முன்னால், பெட்டியின் பின் விளிம்பில் நின்றவர் பங்கக்கா. அவர் கீழே, அவருக்கு மேலே மற்றவர்கள். மற்றவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. பங்கக்காவுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. தூக்கும்போது அவர் கேட்ட முதல் கேள்வி, கோலா என்பதுதான். ஓம் என்றோம். பிறகுதான் வலிக்கிறது என்றார்.

அடுத்தநாள் தலைவரும் நானும் ஒரு பை தோடம்பழத்தோடு ஆஸ்பத்திரி வாசல்வரை போனோம். அங்கேயே நின்றுவிட்டோம். எங்கள் வீரர் ஒருவரின் அக்கா கிளிநொச்சியில் சட்டத்தரணி. அவரிடம் கேட்டபோது, பிழை எங்களுடையது என்று வாய் தவறியும் யாரிடமும் சொல்லிவிட வேண்டாம், முதலில் என்ன நடந்தது என்று நிதானமாகப் பார்ப்போம் என்று சொல்லியிருந்தார். அது சரியான அறிவுரைதான். ஆனால் தோடம்பழம் கொடுத்தால் பிழையை ஒப்புக்கொண்ட மாதிரியா, இல்லையா? அதை நாங்கள் கேட்கவில்லை. தலைவர், கொடுத்தால் வழக்கில் பிடித்துக்கொள்வார்கள் என்றார். நான், வெறுங்கையோடு போனால் மனிதரா என்றேன். வெயிலில் நின்று கதைத்துக் கதைத்து, பார்வையாளர் நேரமும் முடிந்துவிட்டது. திரும்பும் வழியில் ஆளுக்கொரு பழத்தை உரித்துச் சாப்பிட்டோம். வெட்கமாகத்தான் இருந்தது.

நாங்கள் போகாததைக் கண்டு பங்கக்காவின் தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. பக்கத்துக் காணிக்காரன், அக்காவில் பாசமானவன், முன்கோபி. பொலிஸில் முறைப்பாடு போட்டான். கழகம்தான் முழுப் பொறுப்பு, நட்டஈடு தர வேண்டும் என்றான். விசயம் பிரதேச சபைக்குப் போய், பிணக்குத் தீரும்வரை மைதானத்தில் ஒரு விளையாட்டும் நடத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வாசலில் சங்கிலி போட்டுப் பூட்டாயிற்று. நட்டஈடு என்று வந்தால் கழகத்திடம் இருந்தது நான்கு பந்தும் ஒரு கிழிந்த வலையும்தான். தலைவர் தன் காணியை விற்க வேண்டி வருமோ என்று பயந்தார். கழகத்தைக் கலைத்துவிட்டால் தப்பலாம் என்று சிலர் கதைக்கத் தொடங்கினார்கள். பின்னேரங்களில் பெடியள் பூட்டிய வாசலுக்கு வெளியே வந்து நின்று, உள்ளே பார்த்துவிட்டுப் போவார்கள். அந்தக் கிழமைகளில் நான் மைதானப் பக்கம் போகாமல் சுற்றுப் பாதையால் வீட்டுக்குப் போனேன்.

சட்டத்தரணி எங்களை இருத்தி வைத்துப் பொறுமையாக விளங்கப்படுத்தினார். சனத்தை ஓரிடத்துக்கு வாருங்கள் என்று கூப்பிட்டால், அந்த இடம் ஆபத்தில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கிற கடமை கூப்பிட்டவருக்கு உண்டு. பலகை எழுதி மாட்டியதால் மட்டும் அது கழன்றுவிடாது. பந்து பட்டால் அது விளையாட்டில் உள்ளது, பார்க்க வருகிறவர்களுக்கும் தெரியும். பெட்டி சாய்வது விளையாட்டில் உள்ளதல்ல. அதேநேரம் விழுந்தவரும் கவனமில்லாமல் நடந்திருந்தால் அந்த அளவுக்கு நட்டஈடு குறையும். சட்டத்திலும் பங்கு பிரிப்புத்தான் என்றார். தலைவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பொலிஸ் அந்த முறைப்பாட்டை இணக்கசபைக்கு அனுப்பியது. நீதிமன்றம் போக முன்னர், ஊர்ப் பெரியவர்கள் சிலர் இரண்டு பகுதியையும் இருத்திப் பேசித் தீர்க்கிற சபை அது. சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடத்தில் கூடும். அங்கே சட்டத்தரணிகள் வந்து வாதாட முடியாது, நாங்களேதான் கதைக்க வேண்டும். சின்ன வகுப்புப் பிள்ளைகளின் கதிரைகளில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருந்தோம். பங்கக்கா ஒரு கதிரையில் இருந்து, மாக்கட்டுப் போட்ட காலை இன்னொரு கதிரையில் நீட்டி வைத்திருந்தார். எங்களைக் கண்டதும், "தோடம்பழம் வாசல் வரைக்கும் வந்ததாமே. உள்ளுக்கு வர அதுக்கென்ன பயம்?" என்று கேட்டார்.

சபைக்குத் தலைமை தாங்கியவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். முதலில் தம்பி கதைத்தான். பிழை முழுவதும் கழகத்துடையது என்றான். பிறகு தலைவர் எழுந்தார். பெட்டி அவருடையது, அவர் தானாக விரும்பி வந்தவர், வாசலில் பலகை இருக்கிறது, கழகத்துக்கு இதில் ஒரு பொறுப்பும் கிடையாது என்று பாடமாக்கி வந்ததை ஒப்புவித்தார். இரண்டு பேரும் முழுவதையும் தூக்கி மற்றவர் தலையில் போட்டார்கள். இனி இது நீதிமன்றத்துக்குத்தான் போகும், மைதானம் புல் மண்டிப் போகும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தபாலதிபர் பங்கக்காவைப் பார்த்து, விழுந்தவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

"பெட்டி என்ர" என்று அவர் தொடங்கினார். "நெல்லு ஏத்தேக்க ஒரு நாளும் பின்முட்டுக் குடுக்காமல் நான் ஒரு மூட்டையும் ஏத்தினதில்லை. அண்டைக்குப் பந்தைப் பாத்துக்கொண்டு நிண்டிட்டன். குனிஞ்சு ஒருக்காப் பாத்திருந்தால் கண்டிருப்பன். அது என்ர பங்கு. அதை நான் ஒருத்தருக்கும் தரமாட்டன்."

தம்பி அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தான். அவர் கையை விடுவித்துக்கொண்டு, நீயும்தானே பின்னுக்குப் பாய்ந்தாய், எனக்கு மேலே விழுந்தது யார், உனக்கும் ஒரு துண்டு இருக்கிறது என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். பின்னால் இடம் இருக்கிறது, ஏறுங்கோ ஏறுங்கோ என்று ஒலிபெருக்கியில் கேட்டது யாருடைய குரல் என்று கேட்டார். என்னுடையதுதான் அக்கா என்றேன். சரி, உமக்கும் ஒன்று என்று முடித்துவிட்டார். சபையில் இருந்த இன்னொரு பெரியவர் சிரிப்பை அடக்கக் கண்ணாடியைத் துடைத்தார்.

கடைசியாகத் தலைவரிடம் வந்தார். இயந்திரத்தைக் கழற்றியது நீங்கள், சனம் ஏறி நிற்கிற பெட்டி என்று தெரிந்தும் ஓர் ஆளை அதில் காவலுக்கு விடாமல் போனது நீங்கள் என்றார். தலைவர் பலகையைப் பற்றி மறுபடியும் ஏதோ முணுமுணுத்தார்.

"உங்களை முழுக்க எடுக்கச் சொல்லி நான் கேக்கேல்லை" என்றார் பங்கக்கா. குரலில் கடுமை இல்லை. "உங்கட பங்கை மட்டும் எடுங்கோ. அதுக்கு மேல ஒரு சொட்டும் உங்களில வர நான் விடமாட்டன்."

எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. நாங்கள் பிழை செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டு யாரும் மறுக்கவில்லை. ஒரு துண்டைத் தொட்டால் முழுவதும் வந்து தலையில் இறங்கிவிடும் என்ற பயத்தில்தான் மறுத்துக்கொண்டிருந்தோம். தலைவர் எழுந்து, மெல்லிய குரலில், "ஓம். பின்முட்டு நானும் குடுத்திருக்க வேணும்" என்றார். உட்காரும்போது அவருடைய முகம் பழையபடி ஆகிவிட்டது. அன்றைக்கு இரவு அவர் நன்றாகத் தூங்கினார் என்று அவருடைய மனிசி என் மனிசிக்குச் சொன்னாராம்.

பங்கக்கா கேட்டது காசு அல்ல. அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் அவருக்கு மருந்துச் செலவு இல்லை, தர எங்களிடமும் ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரியும். விதைப்பு வருகிறது, கால் இல்லை. ஆகவே வயலில் கழகத்தின் பங்குக்குக் கழகம் இறங்கி வேலை செய்ய வேண்டும். பலகையைக் கழற்ற வேண்டும். இனி ஒவ்வொரு போட்டிக்கும் முன்னர், வாய்க்கால் மாதிரி மைதானத்தின் எல்லையைக் கயிறு பிடித்து அளந்து கழகத்தவர்களுக்குப் பிரிக்க வேண்டும். ஒவ்வொருவரும் தன் துண்டில் பள்ளம், கல், முளை, முட்டு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும், அங்கே யாருக்காவது காயம் பட்டால் அந்தத் துண்டுக்காரர்தான் முதலில் போய் நிற்க வேண்டும். தபாலதிபர் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். அடுத்த கிழமையே மைதானச் சங்கிலி கழன்றது.

ஆனால் பங்கக்காவோடு ஒரு விசயமும் லேசில் முடியாது. முதல் மழை விழுந்ததும் நாங்கள் ஒரு படையாக அவருடைய வயலில் இறங்கினோம். குற்ற உணர்ச்சியோ உற்சாகமோ, பெடியள் மாடு மாதிரி வேலை செய்தார்கள். பங்கக்கா வரம்பில் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டு, கழற்றிய பலகையில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். மத்தியானத்துக்குப் பிறகு, மூன்றாவது வரம்புக்கு அப்பால் நாங்கள் கால் வைத்ததும் ஒரு சத்தம். நில்லுங்கோ, அது உங்கட பங்கில்லை என்று. அதற்கு அப்பால் தன்னுடைய பிழைக்கும் தம்பியின் பிழைக்கும் உரிய நிலமாம். அக்கா, மண் ஈரமாக இருக்கும்போதே விதைத்துவிட்டுப் போகிறோம் என்று கெஞ்சினோம். மனிசி அசையவில்லை. என் பிழையை நீங்கள் ஆர் செய்து முடிக்க என்று கேட்டார். கடைசியில் தம்பிதான், முணுமுணுத்துக்கொண்டு, தனியாக மீதியை விதைத்தான். நாங்கள் வரம்பில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு அவனைப் பார்த்தோம். அந்த வருடம் இரண்டு பகுதியும் ஒரே மாதிரித்தான் விளைந்தது.

கால் தேறியது. நடையில் மட்டும் ஒரு சின்னச் சாய்வு மிஞ்சியது. அடுத்த போட்டிக்கு எல்லை பிரித்தபோது, கழகத்தில் உறுப்பினராக இல்லாவிட்டாலும் தனக்கும் ஒரு துண்டு வேண்டும் என்று கேட்டு வாங்கினார். கிழக்குக் கோல் கம்பத்தில் இருந்து வேப்பமரம் வரைக்கும். அந்த நீலப் பலகையை எழுத்துக் கீழ்ப்பக்கம் இருக்க மண்ணில் போட்டு, அதன்மேல் பின்முட்டைக் கொடுத்தார். ஈர மண்ணில் முட்டு புதையாமல் இருக்க அது நல்ல பலகை. ஒவ்வொரு பெட்டியாகப் போய்க் குனிந்து பார்க்கும் பழக்கம் எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. பக்கத்து ஊர்க் கழகங்கள் முதலில் சிரித்தன. பிறகு ஒரு கழகம் வந்து எப்படி அளக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு போனது.

மகளுக்கு வவுனியாவில் வேலையும் கல்யாணமும் ஆனது. பேரப்பிள்ளை பிறந்தபோது பங்கக்காவும் அங்கே போய்விட்டார். வயலைத் தம்பி செய்கிறான். பெட்டியும் அவனிடம்தான். நான் இப்போது செயலாளர் இல்லை, ஒலிவாங்கியையும் இளம் ஆட்கள் வாங்கிக்கொண்டார்கள். தலைவர் பதவியை விட்டுவிட்டார், ஆனால் போட்டி நாளில் எல்லோருக்கும் முன்னால் வந்து பெட்டிகளுக்குக் கீழே குனிந்து பார்ப்பார். எல்லையில் எனக்கு இன்னும் ஒரு துண்டு இருக்கிறது. எல்லை பிரிக்கும்போது வேப்பமரத்துப் பக்கத்துக்கு வேறு ஆள் போட்டாலும், அதைப் பங்கக்காவின் பங்கு என்றுதான் சொல்கிறோம். அந்தப் பெயரை யார் வைத்தது என்று இப்போதைய பெடியளுக்குத் தெரியாது.

இந்த வருட இறுதிப்போட்டி முடிந்த மறுநாள் காலையில், வழக்கம்போல வவுனியாவில் இருந்து போன் வந்தது. வென்றோமா என்று கேட்கவில்லை.

"என்ர பங்கில ஆரும் விழேல்லையே?"

இல்லை அக்கா, உங்கட பக்கம் ஒரு கீறலும் இல்லை என்றேன்.

"உம்மட பக்கம்?"

மறைத்துப் பயனில்லை. கயிறு கட்டுவதற்கு நான் அடித்த முளை ஒன்றில் தடக்கி ஒரு மனிதர் விழுந்துவிட்டார், கை எலும்பில் வெடிப்பு, ஆஸ்பத்திரியில் ஒருநாள் வைத்திருக்கிறார்கள் என்றேன். ஆருடைய பிழை என்று கேட்டார். என் பிழைதான் அக்கா, முளையை உயரமாக விட்டுவிட்டேன் என்றேன்.

அந்தப் பக்கம் பேரப்பிள்ளை எதையோ கேட்டு அழுதுகொண்டிருந்தது.

"அந்தாள் எங்க பாத்துக்கொண்டு நடந்தது?"

"போனைப் பாத்துக்கொண்டு."

"அப்ப ஏன் முழுக்க நீர் எடுக்கிறீர்? அந்தாளின்ர பங்கை அந்தாளுக்கு விடும்" என்றார். பிறகு, போனை வைக்கப் போகிறவர் மாதிரி இருந்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்குப் போனனீரோ?" என்று கேட்டார்.

"நேற்றே போனனான். தோடம்பழமும் கொண்டு போனனான்."

"வாசலுக்கோ?"

"உள்ளுக்கு அக்கா" என்றேன்.